மெத்தைக்குக் கீழே இருக்கும் வியாபாரம்

வியாபாரத்தில் நட்டம் பொதுவாகக் கணக்குப் புத்தகத்தில்தான் தெரியவரும். எனக்கு 2023 ஒக்டோபரில் அது பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பிடி மாவாகக் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த இளைஞர். பத்து வருடம் கட்டாரில் உழைத்து, சேர்த்த காசோடு ஊருக்குத் திரும்பியவர். கல்லாப் பெட்டிக்கு முன்னால் தாளை விரித்து வைத்தார். வெளிர் மஞ்சள் நிறத்தில், கோதுமை மாவைப் போல மிருதுவான தூள்.

"நானா, இது உங்க பலகையிலருந்து கொட்டுனதுதான். நேத்து ராத்திரி கட்டில் எறங்கிருச்சு. மேல வெள்ளக்காரங்க ரெண்டு பேரு படுத்திருந்தாங்க" என்றார்.

"தம்பி, நான் தந்தது நல்ல பலகை. உங்கட கரவன் ஒழுகியிருக்கும். ஈரம் பட்டா எந்த மரமும் பழுதாகும்தானே" என்று உடனே பதில் சொன்னேன். குறையோடு சாமான் திரும்பி வந்தால் வியாபாரியின் வாயில் முதலில் வருவது இந்த மாதிரிப் பதில்தான். சாமான் நல்லது, பாவித்தவர் பிழை.

அவர் சத்தம் போடவில்லை. "வந்து பாருங்க நானா. பாத்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அத நான் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை பிடித்திருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இந்த வாரம் அந்தக் கட்டிலின் கதையைத்தான் எழுதுகிறேன். ஹாட்வெயார், மரக்கடை, தளபாடம், மெத்தை, வாகனம் என்று எந்தத் துறையில் இருப்பவருக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு.

சில்லு வைத்த அறை

கரவன் என்றதும் எம்மவர்களுக்கு நிசான் வேன்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது அதையல்ல. காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும், எஞ்சின் இல்லாத சின்ன வீடு. இங்கிலாந்தில் 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற வைத்தியர் உல்லாசப் பயணம் போவதற்கென்றே குதிரைகள் இழுக்கும் கரவன் ஒன்றை பிரிஸ்டல் நகரில் செய்வித்தார். 1919இல் பேர்மிங்ஹாமில் எக்கிள்ஸ் என்ற நிறுவனம் காரின் பின்னால் இழுக்கும் கரவன்களைச் செய்து விற்கத் தொடங்கியது. 1950களிலும் 60களிலும் அது அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை வீடாகிவிட்டது. அந்தக் காலத்துக் கரவனின் எலும்பு மரச்சட்டம். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய பிளைவூட். பழைய கார் சேர்ப்பவர்களைப் போல இதையும் தேடி வாங்கித் திருத்துகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

எமது இளைஞர் வாங்கியது அப்படியான ஒன்றுதான். கொழும்புப் பக்கம் பழைய இரும்பு யார்ட் ஒன்றில் கிடந்ததாம். எந்த வருடத்தில் செய்ததென்று விற்றவருக்கும் தெரியாது. வெளித்தகடு நல்ல நிலையில் இருந்தது. உள்ளே கட்டிலும் அலுமாரியும் உக்கிப் போயிருந்தன.

ஏன் இதில் காசைப் போட்டார் என்று நீங்கள் கேட்கலாம். அவர் போட்ட கணக்கு பிழையானதல்ல. கித்துல்கலையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலப் படம் எடுக்கப்பட்டு 1957இல் வெளிவந்த காலம் தொட்டே வெளிநாட்டவர் களனி ஆற்றைப் பார்க்க வருகிறார்கள். இப்போது இறப்பர் படகில் வெள்ளத்தோடு ஓடுவதற்கும் வருகிறார்கள். ஆற்றுக்குக் கிட்ட அவரிடம் இருந்தது குத்தகைக் காணி. குத்தகை நிலத்தில் செங்கல் வைத்து அறை கட்டினால், குத்தகை முடியும் நாளில் அறை காணிக்காரருக்குத்தான். சில்லு வைத்த அறையென்றால் இழுத்துக்கொண்டு போகலாம். டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாத மலைக் காலம். அப்போது இரத்தினபுரிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தலாம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பவும் வழி திறந்தது. ஆகவே 2023இல் பழையதைத் திருத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

பிழை எங்கே நடந்தது?

2023 பெப்ரவரியில் அவர் கடைக்கு வந்து கட்டிலின் அடிச்சட்டத்துக்குப் பலகை கேட்டார். விலை குறைவாக இருக்க வேண்டும் என்றார். பக்கத்துச் சிறிய மர ஆலையில் அறுத்து, ஒரு மாதம் வெளியே அடுக்கி வைத்திருந்த இறப்பர் பலகையைக் கொடுத்தேன். மேலே போட ஒரு பிளைவூட் தாளும் கொடுத்தேன். "தாங்குமா நானா?" என்று கேட்டார். "தாங்கும்" என்றேன்.

அது பொய் வார்த்தையில்லை. அன்று அது தாங்கத்தான் செய்தது. எவ்வளவு காலம் என்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை.

இறப்பர் மரத்தைப் பற்றிச் சபரகமுவவில் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதது அல்ல. மரம் நல்ல மரம். தேக்கை விடச் சற்றுப் பாரம் குறைந்ததாகவோ ஏறத்தாழ அதே பாரமாகவோ இருக்கும். இழைத்தால் வெண்ணெய் நிறத்தில் பளபளக்கும். ஆனால் அதன் உடம்பு முழுக்க மாச்சத்து. மரத்தை விழுத்திய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணம் பிடிக்கும். உளுப்பூச்சி எனும் சின்ன வண்டு பலகையின் நுண்ணிய துளைகளில் முட்டையிடும். புழு உள்ளே இருந்தபடியே மாச்சத்தைத் தின்று வளரும். பல மாதம் கழித்து, குண்டூசித் தலையளவு துளையிட்டு வண்டாக வெளியே வரும்போதுதான் தூள் கொட்டும். அதுவரை மேற்பரப்பில் ஒரு கீறலும் தெரியாது. விற்கும் நாளில் பலகை மாப்பிள்ளை போல இருக்கும்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. மரத்தை விழுத்திய உடனே அறுத்து, போரக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத் தொட்டியில் வைத்துப் பலகையின் உள்ளே ஏற்றி, பிறகு சூளையில் உலர்த்த வேண்டும். மலேசியா 1980களிலிருந்து தளபாட ஏற்றுமதியை வளர்த்ததே இந்த முறையால்தான். அதே மரத்தில் செய்த கதிரை, மேசைகளை இறக்குமதி செய்து எங்களுடைய கடைகளிலேயே விற்றிருக்கிறோம். மருந்து ஏற்றாத பலகை கொங்கிரீட் போடும்போது தட்டு அடிக்க உதவும். மூன்று மாதத்தில் கழற்றி விறகாக்கிவிடுவார்கள். அதில் குற்றமில்லை. கொங்கிரீட் தட்டுக்கு உரிய பலகையைக் கட்டிலுக்கு விற்றதுதான் குற்றம்.

ஆசாரியாரின் தீர்ப்பு

மறுநாள் தோட்டத்து வேலைத்தளத்தில் முப்பது வருடம் தச்சு வேலை செய்து ஓய்வுபெற்ற ஆசாரியார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்வார் என்ற எண்ணம் மனதில் இருந்தது உண்மை.

அவர் மெத்தையைத் தூக்கினார். பிளைவூட் தாளின் மேல் ஆள் படுத்த இடம் அச்சடித்தது போல கறுப்புப் பூஞ்சணம். சட்டத்தில் ஊசியை வைத்து அழுத்தினார். கேக்கில் இறங்குவது போல இறங்கியது. பின் ஜன்னலுக்குக் கீழே உள்சுவரைத் தடவினார். கை நனைந்தது. ஆணிகளைப் பிடுங்கிப் பார்த்தார். துரு தின்று பாதியாகியிருந்தன. சட்டம் சுவரின் மரக்காலில் பிடிக்கப்படவில்லை, உள்ளே உள்ள மெல்லிய பிளைவூட்டில் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது.

"மொதலாளி, பலகை ஒங்க குத்தம். ஒழுக்கு தம்பியோட குத்தம். ஆணியும் தாளும் செஞ்சவனோட குத்தம். மூணும் சேந்துதான் கட்டில் விழுந்துச்சு" என்றார்.

அங்கேயே கணக்கை முடித்தோம். மருந்து ஏற்றிய பலகையும் இஸ்குரூவும் என் செலவு. ஒழுக்கு அடைப்பதும் ஆசாரியாரின் கூலியும் அவர் செலவு. குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது எமக்குப் புதிய பாடமில்லை. சிறு வயதில் வாப்பா கடையில் நிற்கும்போதே கேட்டது. கேட்டதைச் செய்யாமல் விட்டதற்கு அந்தச் செலவு பெரிதல்ல.

முதலில் ஒழுக்கு, பிறகு கட்டில்

பழைய கரவனையோ வேனையோ திருத்துகிறவர்கள் செய்யும் முதல் பிழை, கண்ணுக்குத் தெரியும் வேலையை முதலில் செய்வது. மெத்தை உறையும் திரையும் வந்துவிடும். கூரை ஒழுகிக்கொண்டிருக்கும்.

இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கித்துல்கலைப் பக்கமும் அதற்குக் குறைந்ததல்ல. பழைய கரவனில் தண்ணீர் இறங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, கூரைத் தகடும் சுவர்த் தகடும் சேரும் விளிம்பு. மற்றது, ஜன்னலைச் சுற்றியுள்ள இறப்பர். விளிம்புத் தகட்டைக் கழற்றி, காய்ந்து போன பழைய பசையைச் சுரண்டியெடுத்து, பியூட்டில் பசைப் பட்டி வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். மேலே சிலிக்கனைப் பூசி மறைப்பது புண்ணுக்கு மேல் பவுடர் போடுவது போன்றது. உக்கிய மரக்காலை நல்ல மரம் வரும் இடம் வரை வெட்டி, புதுத் துண்டு ஒட்டிச் சேர்க்க வேண்டும். முடிந்ததும் ஹோஸ் பைப்பால் ஒரு மணி நேரம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருந்து பார்க்கட்டும்.

இதில் மரக்கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பலகையில் ஏற்றும் போரோன் மருந்து தண்ணீரில் கரைவது. தொடர்ந்து நனைந்தால் மருந்து வெளியேறிவிடும். ஆகவே மருந்து ஏற்றிய இறப்பர் பலகையைக் கூட ஒழுக்குள்ள இடத்துக்கு விற்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே வேலி, வாங்கு செய்வதற்கும் அது சரிவராது. உள்ளே, ஈரமில்லாத இடத்துக்குத்தான் அது உரியது.

அடிச்சட்டத்தின் அளவும் கணக்கும்

ஆசாரியார் புதுக் கட்டிலைப் பின்பக்கத்தில் குறுக்காக வைத்தார். நீளம் 6 அடி 3 அங்குலம், அகலம் 4 அடி, நிலத்திலிருந்து 16 அங்குல உயரம். கீழே பெட்டி படுக்கை வைக்கலாம்.

சுவரில் தட்டிப் பார்த்தால் மரக்கால் உள்ள இடத்தில் சத்தம் கனமாக வரும். அந்த இடங்களில் மட்டும் மூன்று சுவரிலும் தாங்கு சட்டம் பூட்டினார். முன்பக்கம் 3க்கு 2 அங்குலச் சட்டம் ஒன்று. நடுவிலும் அதே அளவில் நீளவாக்கில் ஒன்று, அதற்கு இரண்டு கால். நடுச்சட்டம் இல்லாவிட்டால் குறுக்குப் பலகை நாலடியையும் தனியே தாங்க வேண்டும். நடுவில் ஒன்று வந்தால் இரண்டடிதான்.

மேலே பிளைவூட் தாள் இல்லை. 3 அங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிப்பும் உள்ள ரீப்பைகள் 15. இரண்டுக்கும் இடையில் 2 அங்குல இடைவெளி. கணக்குப் பாருங்கள். ரீப்பைகள் 45 அங்குலம், 14 இடைவெளிகள் 28 அங்குலம், இரு முனையிலும் ஒவ்வோர் அங்குலம், ஆக 75 அங்குலம். அதுதான் 6 அடி 3 அங்குலம். நாலடி நீளத்தில் 15 என்றால் 60 அடி ரீப்பை. கழிவுக்குப் பத்துவீதம் சேர்த்து 66 அடி வாங்கினால் போதும். விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அளவு மாறாது. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

இடைவெளி எதற்கு? மனிதன் தூங்கும்போது மூச்சாலும் வியர்வையாலும் ஈரம் வெளியேறுகிறது. அது மெத்தைக்குள் இறங்கி அடியில் குளிர்ந்த தாளில் பட்டால் நீராகத் தங்கிவிடும். முதலாவது கட்டிலில் நாங்கள் பார்த்த கறுப்பு அச்சு அதுதான். ரீப்பைக்கு இடையில் காற்று ஓடினால் காய்ந்துவிடும். இடைவெளி மூன்று அங்குலத்தைத் தாண்டினால் மெத்தை உள்ளே பிதுங்கும். ஆகவே இரண்டு அங்குலம் நல்ல அளவு. முன்பக்கப் பலகையிலும் காற்றுப் போக ஓட்டைகள் விட்டார்.

இன்னொரு இலாபம் பாரத்தில். அதே தடிப்பில் முழுத்தாள் போட்டால் ஏறத்தாழ 26 கிலோ. ரீப்பை 16 கிலோதான். பத்து கிலோ மிச்சம்.

ரீப்பைகளை அவர் சட்டத்தில் அடிக்கவில்லை. இரண்டு பருத்திப் பட்டிகளில் வரிசையாகப் பிடித்து, பாயைப் போலச் சுருட்டக்கூடியதாகச் செய்தார். முனை ரீப்பைகள் இரண்டை மட்டும் சட்டத்தோடு பூட்டினார். கீழே பார்க்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்து இஸ்குரூவைக் கழற்றிச் சுருட்டினால் போதும். மாதம் ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். ஆணி எங்குமே இல்லை. இறப்பர் மரத்தில் ஆணி அடித்தால் வெடிக்கும். முதலில் துளையிட்டு, துருப்பிடிக்காத இஸ்குரூ பூட்ட வேண்டும்.

பலகையில் மருந்து உண்மையில் ஏறியிருக்கிறதா என்று எப்படி அறிவது? மஞ்சள் சாறும் அமிலமும் சேர்த்துப் பூசிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பலகையைக் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தில் பூசினால் போரோன் ஏறிய இடம் சிவக்கும், ஏறாத இடம் மஞ்சளாகவே நிற்கும். வெளியே சிவந்து நடுவில் மஞ்சளாக இருந்தால் மருந்து தோலில்தான் நிற்கிறது. அமிலத்தோடு கடையில் விளையாட வேண்டாம். மொத்தமாக வாங்கும்போது ஆலையில் வெட்டிச் செய்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு ஆலையைப் பாருங்கள்.

மெத்தைக்கு 4 அங்குல லேடெக்ஸ் வாங்கினார். இறப்பர் பாலை நுரையாக அடித்து மெத்தை செய்யும் முறையை டன்லொப் நிறுவனம் 1929இல் கண்டுபிடித்தது. இன்று எமது நாட்டிலிருந்தே லேடெக்ஸ் மெத்தை ஏற்றுமதியாகிறது. ஆக அந்தக் கட்டிலில் மேலே இறப்பர் பால், கீழே இறப்பர் மரம். தோட்டத்தில் பால் வெட்டிய தாயின் மகனுக்கு அது பொருத்தம்தான்.

பாரம் எங்கே இருக்க வேண்டும்?

முதலாவது தடவை கரவனை இழுத்துக்கொண்டு போகும்போது அவிசாவளை – ஹட்டன் வீதியின் வளைவொன்றில் அது பாம்பைப் போல ஆடியதாம். பயத்தில் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டார். காரணம் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. தண்ணீர்க் கேன், காஸ் சிலிண்டர், பற்றரி எல்லாவற்றையும் பின்பக்கக் கட்டிலின் அடியில் அடுக்கியிருக்கிறார்.

கரவனின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் தூக்கும், இழுக்கும்போது ஆடும். கொளுவியில் இறங்கும் பாரம் மொத்தப் பாரத்தில் 5 முதல் 7 வீதம் வரை இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் கரவன் வைத்திருப்பவர்கள் பின்பற்றும் கணக்கு. சாமானோடு 700 கிலோ என்றால் 35 முதல் 49 கிலோ. பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, கொளுவியின் கீழ் மரக்குற்றி ஒன்றை வைத்து, அதன் அடியில் வீட்டில் ஆள் நிறுக்கும் தராசை வைத்தால் போதும். கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையோடு. கட்டிலுக்கு அடியில் துணி, தலையணை, பாய் போன்ற பாரமில்லாதவை மட்டும்.

காஸ் சிலிண்டர் எந்தக் காரணத்துக்காகவும் கட்டிலுக்கு அடியில் வேண்டாம். சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில், தூங்குகிறவருக்குக் கீழே தேங்கும். 2021 இறுதியில் நாடெங்கும் நடந்த காஸ் விபத்துகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டருக்கு வெளியே தனிப் பெட்டி, அதன் அடியில் காற்றோட்ட ஓட்டை இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள், வாகனத்தின் உடலை மாற்றுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கு முன் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு ஓடித் திரிவதை விட அது இலகு.

எமது பகுதிக்கு இதில் என்ன?

1876இல் பிரேசிலிலிருந்து வந்த விதைகளில் முளைத்த கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அங்கிருந்துதான் இறப்பர் எமது மலைகளுக்கு ஏறியது. 1952இல் சீனாவுடன் செய்த இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தால் இந்த நாடு சோறு தின்றது. கேகாலையும் இரத்தினபுரியும் அந்தப் பாலைக் கொடுத்த மாவட்டங்கள். ஆனால் மரத்தை நாம் எப்படி நடத்துகிறோம்? ஆறு, ஏழு வருடத்தில் பால் வெட்டத் தொடங்கி, 25 – 30 வருடத்தில் மரம் கிழடாகிவிடும். பிடுங்கி மறுநடுகை செய்வார்கள். வீழ்ந்த மரத்தில் பெரும்பகுதி தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்கு விறகாகப் போகிறது.

அதே மரத்தில் மருந்து ஏற்றி, இழைத்து, 3 அங்குல ரீப்பையாக வெட்டினால் அதன் பெறுமதி வேறு. பெரிய பலகை வேண்டியதில்லை, துண்டு மரமே போதும். தோட்டத்து லயங்களில் தச்சு வேலை தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். வேலை தேடிக் கொழும்புக்குப் போய்க் கடைகளில் நிற்கிறார்கள். இழைக்கும் இயந்திரம் ஒன்றும் நல்ல ஆசாரியார் ஒருவரும் இருந்தால் ஊரிலேயே அவர்களுக்கு வேலை கொடுக்கலாம்.

கரவன் எத்தனை பேரிடம் இருக்கப் போகிறது என்று சிரிக்காதீர்கள். கரவன் ஒரு வாசல்தான். பழைய ஹையேஸ் 'டொல்பின்' வேனில் கட்டில் போடக் கேட்கிறார்கள். சிறிய விடுதிகளுக்கு, வாடகை அறைகளுக்கு, ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளின் தங்குமிடங்களுக்கு ரீப்பைக் கட்டில் வேண்டும். 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் வந்த உல்லாசப் பயணிகள் கொரோனாவாலும் 2022 நெருக்கடியாலும் குறைந்து, 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். கேரளாவில் 2021இல் அரசே கரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்தது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த வாகமண்ணில் மறு வருடம் முதலாவது கரவன் பூங்காவைத் திறந்தார்கள். பெலிஹுல்ஓயாவும் கித்துல்கலையும் அழகில் வாகமண்ணுக்குக் குறைந்தவையல்ல.

ஆனால் ஆசைப்பட்டுக் கடன் வாங்கி இயந்திரம் இறக்காதீர்கள். முதலில் ஒரு கட்டில் செய்யுங்கள். அதை ஒரு மழைக்காலம் பாருங்கள். பிறகு இரண்டாவது.

பில்லில் எழுதுங்கள்

புதுக் கட்டில் 2023 டிசம்பரில் பூட்டப்பட்டது. இதை எழுதுவதற்கு முன்னர் போய் ரீப்பையைச் சுருட்டி டோர்ச் அடித்துப் பார்த்தேன். தூள் இல்லை, பூஞ்சணம் இல்லை. அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்த ஓடர்கள் இதுவரை மூன்று. பெரிய தொகையில்லை. ஆனால் நான் தேடிப் போகாமல் வந்தவை.

கடையில் செய்த மாற்றம் ஒன்று உண்டு. மருந்து ஏற்றிய பலகையின் முனையில் பச்சைப் பெயின்ட், ஏற்றாததன் முனையில் சிவப்பு. சிவப்பு முனை விற்றால் "மருந்து ஏற்றாதது, கொங்கிரீட் தட்டுக்கு மட்டும்" என்று பில்லில் எழுதுகிறோம். வாயால் சொல்வது காற்றில் போகும். எழுதினது நிற்கும். இதனால் சிலர் பச்சை முனையின் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய், பெயின்ட் அடிக்காத பலகையை மலிவாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதை மறைக்க மாட்டேன். முதல் வருடம் அந்த வியாபாரம் குறைந்தது. இப்போது அவர்களில் சிலர் திரும்பி வருகிறார்கள், எல்லோரும் அல்ல.

கட்டில் பூட்டிய அன்று அந்த இளைஞர் பழைய கேள்வியையே கேட்டார். "நானா, இது தாங்குமா?"

இந்த முறை அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. "ஒழுக்கு இல்லாம வெச்சிருந்தா பல வருசம் தாங்கும் தம்பி. ஒழுக விட்டா ரெண்டு மழைக்காலத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றேன். அதையும் பில்லின் அடியில் எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உங்கள் கடையிலும் வாடிக்கையாளர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கும். சீமெந்தாக இருக்கலாம், துணியாக இருக்கலாம், பற்றரியாக இருக்கலாம். அந்தக் கேள்வி எதுவென்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கிழமையே அதற்குப் பதிலைப் பில்லில் எழுதத் தொடங்குங்கள்.